ஏழு நாட்களுக்குள் நிலத்தை அகற்றவும்

மே 20

செங்காட்டுப்பள்ளம் கிராமம். எல்லைக்கல் நகர்த்திய புகார். நில அளவர் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற நாற்பத்தொரு நாள் இருக்கிறது. கடைசியாக ஒரு கௌரவமான புகார் வரக்கூடாதா?

மேற்கே அரசாங்கத்தின் கல்லாங்குத்துப் புறம்போக்கு. பாறையும் கள்ளியும் தவிர வேறொன்றும் கிடையாது. அதை ஒட்டிக் கிழக்கே பாவாயி என்ற அம்மாளின் மரவள்ளிக் காடு, 84 மீட்டர் அகலம். அதையும் தாண்டி அர்த்தநாரியின் குட்டைரகத் தென்னந்தோப்பு, 150 மீட்டர். பிறகு தார்ச்சாலை. இருவருக்கும் நடுவில் இருக்கும் எல்லைக்கல் தன் தோப்புக்குள் வந்துவிட்டது என்று அர்த்தநாரி மனு கொடுத்திருக்கிறார்.

சாலையிலிருந்து அளந்தேன். 150 இருக்க வேண்டிய இடத்தில் 148.6. கல் 1.4 மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. பாவாயிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, காட்டின் நடுவிலேயே ஒரு குடிசை. "நானேனுங் சார் நகத்தறேன்? அது தானா நகந்துச்சுங்" என்றார். முப்பத்து மூன்று வருடமாக எல்லாத் திருடர்களும் எனக்குச் சொன்ன அதே வசனம். கல் தானாக நகராது. இதை அலுவலக மேசையின் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

முறைப்படி அவருடைய நிலத்தையும் அளந்தேன். புறம்போக்கில் இருக்கும் அரசுக் கல்லிலிருந்து ஆரம்பித்தேன். கல்லைத் தள்ளிப் போட்டவரின் நிலம் 85.4 இருக்க வேண்டும். 83.6தான் இருந்தது. மே மாத வெயிலில் டேப் நீண்டிருக்கும். நிலத்தில் இடுப்பு உயரத்துக்கு மூன்று மேடுகள். உழவு மோசம்.

கல்லை நகர்த்தியவர் பாவாயி என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன்.

மே 21

ஓய்வூதியப் படிவத்துக்கு மனைவியோடு சேர்ந்து புகைப்படம் எடுக்க வேண்டும். ஸ்டுடியோவில் ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒன்பதிலும் கோமதி கண்ணை மூடியிருக்கிறாள். "உங்க பக்கத்துல உக்காந்தா தானா மூடிக்குது" என்கிறாள்.

மே 27

அர்த்தநாரி மறுபடி மனு. கல் இன்னும் உள்ளே வந்துவிட்டதாம். போய் அளந்தேன். 147.1.

பாவாயி எல்லையிலேயே உட்கார்ந்து வெற்றிலை மெல்கிறார். "ராத்திரி பகலா காவலிருக்கறனுங் சார். ஆரும் வரலைங். வெடியாலைக்குப் பாத்தா ஒரு சாண் போயிருக்குதுங்."

காவல் காப்பவரே திருடன் என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 3

இன்று எழுதப்போவதைத் தாசில்தார் நம்பமாட்டார். நானும் பாதிதான் நம்புகிறேன்.

பாவாயியின் காடு அர்த்தநாரியின் தோப்பு மேல் ஏறி நிற்கிறது. மண்ணைக் கொட்டி மேடாக்கவில்லை. செடி, கொடி, வரப்பு, மண்வெட்டி சாய்த்து வைத்த இடம் உட்பட நிலம் அப்படியே கிழக்கே சறுக்கி, தோப்பின் முதல் வரிசையை மூடிக்கொண்டு நிற்கிறது. தென்னை மட்டைகள் மட்டும் அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நிலத்தின் கிழக்கு முகப்பு, சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கிறது. அதில் மேலே செம்மண், அடுத்து வெள்ளைச் சுக்கான்கல், அதற்கும் கீழே கறுப்புப் பாறை. எல்லாம் போர்வையை மடித்து வைத்தது போல வளைந்து கிடக்கின்றன. நிலத்தின் நடுவில் இருந்த மூன்று மேடுகளும் இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிட்டன. நடு மேட்டின் உச்சியில் குடிசை.

சங்கிலி பிடிக்கும் பணியாளர் விடுப்பு. டேப்பின் ஒரு முனையைப் பாவாயியும் மறுமுனையை அர்த்தநாரியும் பிடித்தார்கள். வழக்காளிகளே டேப் பிடிப்பது விதிக்குப் புறம்பு. ஆனால் இருவரும் நன்றாகப் பிடித்தார்கள்.

கல் 4.8 மீட்டர் உள்ளே. பாவாயி நிலத்தின் அகலம் 81.5. அதாவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது. திருடிக்கொண்டே போகிறவர் வீட்டில் பொருள் குறைந்துகொண்டே போவது எப்படி? தெரியவில்லை. என் வேலை அளப்பது.

ஜூன் 4

தாசில்தாரிடம் நேரில் சொன்னேன். பத்து நிமிடம் கூரையைப் பார்த்தார்.

"சிகாமணி, ஒருத்தர் மாடு அடுத்தவர் காட்டுல பூந்தா என்ன பண்ணுவோம்?"

"பட்டியில அடைப்போம் சார்."

"நிலத்தைப் பட்டியில அடைக்க முடியாது. அப்ப?"

"தெரியலை சார்."

"ஆக்கிரமிப்புதானே? நோட்டீஸ் குடுங்க. நிலத்தை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் சொன்ன வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்தேன்: 'மேற்படி நிலத்தின் மீது ஏறியுள்ள தங்கள் நிலத்தை ஏழு நாட்களுக்குள் அகற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் அரசே தங்கள் நிலத்தைக் கையகப்படுத்தும்.' ஜூன் 28ஆம் தேதி நேரடி விசாரணை. கல் நகர்த்தியது அன்று உறுதியானால் சிறைத் தண்டனையும் உண்டு.

ஜூன் 5

நோட்டீஸ் கொடுத்தேன். பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. முடித்ததும் கேட்டார்: "எங்கெங் சார் எடுத்துட்டுப் போறது?"

நோட்டீஸில் அது குறிப்பிடப்படவில்லை.

ஜூன் 8

பாவாயி கூடையும் மண்வெட்டியுமாக நிலத்தை அகற்றிக்கொண்டிருக்கிறார். கிழக்கு முகப்பில் வெட்டி, கூடையைத் தலையில் வைத்து, மூன்று மேடுகளும் ஏறி இறங்கி, மேற்கு ஓரத்தில் கொட்டுகிறார். நேற்று நாற்பது கூடை. விடிவதற்குள் நிலம் நாற்பது கூடைக்கு மேலாகவே முன்னால் வந்துவிட்டது.

"கூடைக்கொரு சீட்டுக் குடுங் சார். அகத்தலைன்னு நாளைக்குச் சொல்லிப்போடுவாங்கொ" என்றார். கூடைக்குச் சீட்டுக் கொடுக்கும் படிவம் எங்களிடம் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

மதியம் அவரே எனக்கும் மோர் கொடுத்தார். சிறைக்கு அனுப்பப்போகிறவனுக்கு மோர் கொடுக்கிறார். வாங்கிக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

ஜூன் 12

அர்த்தநாரி பாவாயியின் நிலத்தில் நின்றபடி கையை நீட்டித் தன் தேங்காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வரிசை மரங்களின் கொண்டை இப்போது அந்த நிலத்தின் விளிம்புக்குச் சமமாக இருக்கிறது. இருபது வருடமாக மரம் ஏற ஆள் தேடி நாயாய் அலைந்தாராம்.

"சார், மனுவத் திருப்பி வாங்கிக்கறனுங்" என்றார். "மேல இருக்கறது அக்காளுது, கீழ இருக்கறது என்றது. மாடி ஊடு கட்டுனா அப்பிடித்தானுங்களே?"

"தம்பி நல்ல மனுசன்ங் சார்" என்றார் பாவாயி.

அப்படியெல்லாம் சட்டத்தில் இல்லை என்றேன். மனுவைத் திருப்பி வாங்கவும் முடியாது. என் அறிக்கை போனபிறகு அது மனுதாரரின் புகார் இல்லை, அரசின் புகார்.

இருவரும் என்னையே பார்த்தார்கள். ஆக, இந்த ஊரில் இப்போது பாவாயி மேல் குற்றம் சொல்லும் ஆள் நான் ஒருவன்தான்.

ஜூன் 13

பதினான்காவது தடவை எடுத்த புகைப்படத்தில் கோமதி கண்ணைத் திறந்திருக்கிறாள். இந்த முறை நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

ஜூன் 17

கனிமத் துறையிலிருந்து ரெஹானா என்ற இளம் புவியியலாளர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் முகப்பைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அரசு ஊழியர் ஒருவர் பாறையைக் கட்டிப்பிடிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

"சார், மலை உருவாகுது சார்! இமயமலை இப்படித்தான் வந்துச்சு. பக்கவாட்டுல நெருக்கினா பாறை அடுக்கு மடியும். மடிப்பு தாங்காதப்ப உடைஞ்சு, ஒரு அடுக்கு இன்னொண்ணு மேல ஏறிரும். ஆனா அதுக்குக் கோடிக் கணக்குல வருஷம் ஆகும்."

"இங்க நாலு வாரத்துல நடக்குதே, ஏன்?"

"கேட்டிருக்கேன் சார். மேலிடத்துல கருத்துரு அனுப்பச் சொல்லியிருக்காங்க."

எனக்கு விளங்கவில்லை என்றேன். பாவாயி மரவள்ளிக் கிழங்கு கட்ட வைத்திருந்த ஐந்தாறு காலிச் சாக்குகளை ரெஹானா பாறைமேல் அடுக்கினார். மேற்கு ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினார். சாக்குகள் நடுவில் மூன்றாக மடிந்து எழும்பின. இன்னும் தள்ளினார். முன் ஓரம் வழுக்கி, எதிரில் கிடந்த அர்த்தநாரியின் துண்டு மேல் ஏறியது.

"எந்த நிலம் ஏறுதுன்னு பாக்காதீங்க சார். கை எங்க இருக்குன்னு பாருங்க" என்றார் ரெஹானா.

பார்த்தேன். கை மேற்கே இருந்தது. மேற்கே யாரும் இல்லை, புறம்போக்கு.

அது அரசாங்கக் கல் நிற்கும் இடம் என்றேன். அங்கிருந்துதான் இந்தக் கிராமம் முழுவதையும் அளக்கிறோம். அது நகர்ந்திருக்க வழியில்லை. "எப்ப கடைசியா அதை அளந்தீங்க?" என்று கேட்டார். அரசு நிலத்தை எதற்கு அளக்க வேண்டும்? அதை வைத்து மற்றவர்களைத்தானே அளக்கிறோம். இதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

தலைவலி. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 18

தலைவலி.

ஜூன் 19

கோமதி கேட்டாள்: "எதுக்கு இட்லியைத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

ஜூன் 24

ரெஹானாவிடம் செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுவரச் சொன்னேன். அரசுக் கல்லின் தலையில் வைத்தார். பழைய வரைபடத்தில் கல் இருக்கும் இடத்துக்கும் இப்போது நிற்கும் இடத்துக்கும் பதினைந்து மீட்டர் வித்தியாசம்.

அரசாங்கக் கல் பதினைந்து மீட்டர் கிழக்கே நடந்து வந்திருக்கிறது. பாவாயியின் எல்லைக்கல் ஒன்பது மீட்டர்தான் போயிருக்கிறது. மிச்சம் ஆறு மீட்டரும் நடுவில் நசுங்கியிருக்கிறது. அளந்து பார்த்தேன், அவருடைய நிலத்தின் அகலம் இப்போது 78. கணக்கு இடிக்கவேயில்லை.

"இன்னொரு சோதனை இருக்கு சார்" என்றார் ரெஹானா. "மடிஞ்ச அடுக்கை நீட்டிப் பாத்தா பழைய நீளம் வரணும். டேப்பைத் தரையோட படுக்கப் போட்டு அளங்க."

நில அளவையில் இது மகா பாவம். டேப்பை எப்போதும் மட்டமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், மேடு பள்ளத்தோடு வளையவிடக் கூடாது. பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதியே இதுதான். இதற்காக நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

படுக்கப் போட்டேன். அர்த்தநாரி ஒரு முனை. பாவாயி குனிந்தபடியே டேப்பை மண்ணோடு அழுத்திக்கொண்டு முதல் மேட்டில் ஏறினார், இறங்கினார், குடிசையைச் சுற்றாமல் வாசல் வழியாக நுழைந்து பின்பக்கம் வந்தார், மூன்றாம் மேட்டிலும் ஏறி இறங்கினார். கல்லருகே வந்து எண்ணை வாசித்தேன்.

84.0.

ஒரு விரற்கடை கூடவில்லை, ஒரு விரற்கடை குறையவில்லை. கிரயப் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுவே அந்த அம்மாளிடம் இருக்கிறது. பிடித்துத் தள்ளி மடக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தள்ளியது எங்கள் நிலம்.

"எவ்வளவுங் சார் வந்துச்சு?" என்று கேட்டார் பாவாயி. சொன்னேன். "அதுதானுங் நானும் சொன்னனுங்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 25

திருத்திய அறிக்கை எழுதினேன். நான்கு தாள் கிழித்துப் போட்டபிறகு ஐந்தாவதில் வந்தது. இந்த நாட்குறிப்பில் மே 20 அன்று 83.6 என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் வெயில் என்று காரணமும் எழுதியிருக்கிறேன். எந்த வெயிலுக்கும் டேப் ஒரு சாண்கூட நீளாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் பாவாயியைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது, அரசாங்கக் கல்லைச் சந்தேகப்படுவது கஷ்டமாக இருந்தது. இதையும் அறிக்கையில் சேர்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

தாசில்தார் படித்துவிட்டுப் போனில் அழைத்தார்.

"சிகாமணி, அரசு நிலத்தை மத்தவங்க ஆக்கிரமிப்பாங்க. அரசு நிலம் யாரையும் ஆக்கிரமிக்காது."

"ஆக்கிரமிச்சிருக்கு சார். பதினஞ்சு மீட்டர்."

"அஞ்சு நாள்ல ரிட்டயர்மென்ட். மாலை போட்டு, கார்ல வீட்டுல கொண்டுபோய் விடணும்னு ஏற்பாடு நடக்குது. அறிக்கையைத் திருப்பி வாங்கிக்குங்க."

"திருப்பி வாங்க முடியாது சார். அனுப்பினபிறகு அது அரசின் அறிக்கை."

போனை வைத்துவிட்டார்.

ஜூன் 26

விதிப்படி ஆக்கிரமிப்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆக்கிரமிப்பாளர் அரசாங்கம். பெறுநர் கையெழுத்துப் போட எவரும் வரவில்லை. பெறுநர் இல்லாவிட்டால் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒட்டலாம் என்று விதி இருக்கிறது. கல்லாங்குத்துக்குப் போய்ப் பெரிய பாறையாகப் பார்த்து ஒட்டினேன். 'ஏழு நாட்களுக்குள் தங்கள் நிலத்தை அகற்றிக்கொள்ள வேண்டும்.' பசை பிடிக்கவில்லை. பாவாயி பழைய சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து ஒட்டிக் கொடுத்தார்.

ஜூன் 28

நேரடி விசாரணை. அர்த்தநாரியும் ரெஹானாவும் முன்பே வந்திருந்தார்கள். காலை பதினொரு மணிக்குத் தாசில்தார் வந்தார். ஜீப்பைப் புறம்போக்கின் ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, கையில் என் முதல் அறிக்கையோடு பாவாயியின் முதல் மேட்டில் ஏறி நின்றார். இரண்டாவது அறிக்கை அவர் கையில் இல்லை.

"கல்லை நகர்த்தினது நீங்கதான்னு நில அளவரே எழுதியிருக்கார். என்ன சொல்றீங்க?"

பாவாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் நகத்தலைங் சாமி. இந்தக் காட்ட உட்டா எனக்கு வேற போக்கில்லைங்."

"எழுதினது நான்தான், அது தப்பு" என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, அர்த்தநாரி திரும்பிப் பார்த்தார்.

"உங்களைக் கேக்கலை சிகாமணி. அரசாங்க நிலம் அசைஞ்சதுக்கு என்ன சாட்சி?"

அப்போதுதான் கீழே எங்கோ பெரிய கதவைத் தாழ் நீக்கியது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கால் தடுமாறியது. ரெஹானா மட்டும் "வருது, வருது!" என்று கைதட்டினார். புழுதி எழுந்து அடங்கியபோது மேற்கு எல்லையில் புறம்போக்கு உடைந்து, ஒரு பெரிய பாறைப் பலகை மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், பாவாயியின் மரவள்ளிச் செடிகள் மேல் ஏறி வந்து நின்றது. அதன் மேல் ஜீப். அதற்குள் ஓட்டுநர், டீ தம்ளரோடு. டீ சிந்தவில்லை.

பாவாயிதான் முதலில் கேட்டார்.

"இப்ப என்ற காட்டுல அரசாங்கம் வந்து நிக்குதுங் சாமி. நீங்களே வந்திருக்கறீங். நோட்டீச ஆரு கையில குடுக்கறதுங்?"

தாசில்தார் கூரையைப் பார்க்கப் போனார். அங்கே கூரை இல்லை, வானத்தைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து உத்தரவு எழுதினார். பாவாயி மீதான கல் நகர்த்திய புகார் முடித்துவைக்கப்படுகிறது. நிலத்தை அகற்றச் சொன்ன அறிவிப்பு ரத்து. பட்டா 84 மீட்டர் அகலத்துக்கே, தரையோடு அளந்தபடியே தொடரும். கீழே கையெழுத்து, தேதி. பாவாயி அதை வாங்கிக் கூடைச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

ஜீப்பை இறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 30

மாலை வரவில்லை. கவர் வந்தது. அரசுக் கல்லை முப்பத்து மூன்று வருடமாக அளக்காதது ஏன், அரசு நிலத்துக்கு அனுமதியின்றி நோட்டீஸ் ஒட்டியது ஏன், டேப்பை விதிக்கு மாறாகத் தரையில் படுக்கப் போட்டது ஏன் என்று மூன்று குற்றச்சாட்டுகள். விசாரணை முடியும் வரை ஓய்வுபெற அனுமதி இல்லை. வேலைக்கு வரவும் அனுமதி இல்லை.

கோமதி கவரை இரண்டு தடவை படித்தாள். "அந்தம்மா நிலம் தப்பிச்சுதா?" என்று கேட்டாள். தப்பித்தது என்றேன். "அப்புறம் என்ன, கை கழுவிட்டு வாங்க" என்று சாப்பாடு போட்டாள். இந்த ஒரு மாதத்தில் இன்றுதான் சோறு ருசித்தது.

ஜூலை 1

செங்காட்டுப்பள்ளம். அலுவல் இல்லை. இந்த நாட்குறிப்பைச் சமர்ப்பிக்கவும் ஆள் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பாவாயி நடு மேட்டில் மரவள்ளித் தண்டுக் கரணைகளை ஊன்றிக்கொண்டிருந்தார். சரிவில் வரிசை கோணலாகப் போனது. என் சொந்த டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். மூச்சு வாங்கியது. உச்சியில் நின்று, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா. உங்களை நாப்பது நாள் அலைய வச்சிட்டேன்."

அவர் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாறை நகந்துச்சுங் சார். காடு நகந்துச்சு. தாசில்தார் ஜீப்பே நகந்துச்சு. நீங்க ஒரு ஆளு நகர்றதுக்குத்தானுங் நாப்பது நாளு ஆச்சு."

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"செரி, நிக்காதீங். அந்த முனையப் புடிங்" என்றார்.

பிடித்தேன்.